பன்னிரண்டில் ஒன்று

திரைப்படம் ஒன்றே ஆயினும் அதனைக் காண்போர் கண்கள் ஒன்றல்ல. தையற்காரர் நடிகரின் உடையைப் பார்க்கிறார். தச்சர் கதவின் வேலைப்பாட்டைப் பார்க்கிறார். உழவரோ, கதாநாயகன் ஏர் பிடிக்கும் கையைப் பார்த்து, ‘இவன் ஏர் பிடித்து அறியாதவன்’ என்று நகைக்கிறார். அவரவர் வாழ்க்கை அவரவர்க்குத் தந்த கண் அது. அமிர்தி என்னும் சிற்றூரில் வாழும் முதியவர் ஒருவர்க்கும் அத்தகைய தனிக்கண் ஒன்று உண்டு. போரைப் பற்றிய திரைப்படங்களை அவர் விரும்பிக் காண்பார். ஆனால், அவற்றில் வரும் பீரங்கியையும் வானூர்தியையும் அவர் பெரிதாக மதிப்பதில்லை. படத்தில் வரும் பாத்திரம் எதுவேனும் காமிராவைக் கையில் எடுத்தால் உடனே நிமிர்ந்து உட்காருவார். ‘இஃது இன்ன காமிரா, இன்ன ஆண்டில் வெளிவந்தது’ என்று சொல்லிய பின்னரே சாய்ந்துகொள்வார்.

அமிர்தி, வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது. காடும், மழைக்காலத்தில் பெருகிவரும் ஆறும், அருவியும் அதன் அணிகள். 1967-ஆம் ஆண்டில் அமைந்த உயிரியல் பூங்கா ஒன்றும் அங்கு உண்டு. கணியம்பாடி வட்டாரத்தில் கம்மவான்பேட்டை என்னும் ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வீடுதோறும் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய ஊர் அது. அதனால் மக்கள் அதனை ‘இராணுவப்பேட்டை’ என்றே அழைக்கின்றனர். மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, கிழக்கே இராணிப்பேட்டை. இவையெல்லாம் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. முதல் உலகப் போரின்போது, சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல்கள் கப்பலேறிச் சென்று பிரிட்டிஷ் படைவீரர்களின் காலணிகள் ஆயின. ஆகவே, போர் எங்கே நடந்தாலும் இவ்வட்டாரத்துக்கு அதனோடு ஏதேனும் ஓர் உறவு இருந்தே வந்திருக்கிறது.

முதியவர் பிறந்தது கம்மவான்பேட்டையில். பத்தொன்பதாம் வயதில் பெங்களூரில் மதராஸ் பொறியாளர் படையிற் சேர்ந்தார். பாலம் அமைப்பதும், பாதை திறப்பதும், கண்ணிவெடி அகற்றுவதும் அப்படையின் பணிகள். அப்படையினரை இந்தியப் படை முழுவதும் ‘தம்பி’ என்றே செல்லமாக அழைக்கும். ஹவில்தாராக ஓய்வு பெற்ற பின்னர், ஆம்பூரில் தோற்பொருள் செய்யும் பட்டறை ஒன்றில் பண்டகக் காப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். இப்பொழுது அமிர்தியில் மகள் வீட்டில் வாழ்கிறார். எட்டாம் வகுப்பிற் படிக்கும் பேத்தியே அவருடைய உற்ற தோழி.

சிறுவனாக இருந்தபோது அவர் கண்ட முதற் போர்ப்படம், 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இரத்தத் திலகம்’. 1962-ஆம் ஆண்டின் சீனப் படையெடுப்பைப் பின்னணியாகக் கொண்ட படம் அது. அன்று மற்றச் சிறுவர்களைப் போலவே அவரும் துப்பாக்கிகளை மட்டுமே பார்த்தார். காமிராவைப் பார்க்கும் கண் அவருக்குப் பின்னரே வாய்த்தது. அது வாய்த்த கதையைச் சொல்லுமுன், அக்கண் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

காமிராக்களை அடையாளம் காண்பது பறவைகளை அடையாளம் காண்பது போன்றது. முதலில் வடிவத்தை நோக்க வேண்டும். பின்பு அதனைப் பிடிக்கும் முறையை நோக்க வேண்டும். இறுதியாக அதன் ஓசையைக் கேட்க வேண்டும். இருபுறமும் வளைந்த ஓரமும், மேற்புறத்தில் மேடில்லாத சமமும் கொண்ட சிறு கருவி லைக்கா. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்பவர் வடிவமைத்தது. 1925-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் அக்கருவியே புகைப்படக்காரரைக் கூடத்திலிருந்து களத்திற்கு அழைத்து வந்தது எனலாம். அதற்குப் போட்டியாக 1932-இல் தோன்றியது காண்டாக்ஸ். 1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், நார்மண்டிக் கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கியபோது, ராபர்ட் காபா காண்டாக்ஸ் கருவிகளோடு அவற்றுடன் இறங்கினார். அன்று அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை சிலவே. அவை நடுங்கியும் மங்கியும் இருந்தன. 1998-இல் வெளிவந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’ என்னும் படத்தின் கடற்கரைக் காட்சிக்கு அந்த மங்கிய படங்களே தூண்டுதலாக அமைந்தன.

பெட்டி போன்ற உருவமும், துருத்தி போல் நீளும் முகமும், பக்கத்தில் கிண்ணம் போன்ற ஒளிவிளக்கும் கொண்டது ஸ்பீடு கிராபிக். அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர்களின் கையில் நெடுங்காலம் இருந்த கருவி அது. நம் நாட்டின் முதற் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலாவும் அந்தக் கனத்த கருவியைத் தில்லித் தெருக்களில் சுமந்து திரிந்தவரே. மேற்புறத்தில் கூரை போன்ற முக்கோண முடி தெரிந்தால், அது 1959-இல் ஜப்பானியர் வெளியிட்ட நிக்கான் எப். வியட்நாம் போரைப் பற்றிய ‘அப்போகலிப்ஸ் நவ்’, ‘புல் மெட்டல் ஜாக்கெட்’ ஆகிய படங்களில் வரும் படக்காரர்களின் கழுத்தில் தொங்குவது அதுவே. டான் மக்கல்லின் என்னும் ஆங்கிலேயப் படக்காரர் கம்போடியாவில் இருந்தபோது பாய்ந்து வந்த துப்பாக்கிக் குண்டு ஒன்றை அவருடைய நிக்கான் தாங்கிக்கொண்டது. கருவி துளைபட்டது, மனிதர் பிழைத்தார்.

இவையெல்லாவற்றிலும் வேறுபட்டது ரோலிபிளெக்ஸ். 1929-இல் ஜெர்மனியில் தோன்றிய அதற்கு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்கள் உண்டு. மேற்கண் காண்பதற்கு, கீழ்க்கண் படம் எடுப்பதற்கு. மற்றக் கருவிகளைக் கண்ணருகே தூக்கிப் பிடிப்பர். இதனையோ மார்பருகே பிடித்து, தலை குனிந்து பார்ப்பர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் களங்களைப் படமெடுத்த லீ மில்லர் என்னும் பெண்மணி பயன்படுத்திய கருவி இதுவே. அவருடைய வாழ்வைக் கூறும் ‘லீ’ என்னும் திரைப்படம் 2023-இல் வந்தது. அப்படத்தை முதியவர் பேத்தியோடு பார்த்தார். கொடிய காட்சிகள் வரும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிடுவார். நாயகி தலை குனிந்து கருவியை நோக்கும் காட்சிகளை மட்டும் இரண்டு மூன்று முறை போடச் சொல்லிப் பார்ப்பார்.

ஆம்பூர்ப் பட்டறையிற் பெற்ற அறிவும் அவருக்கு இதில் துணை செய்தது. பழைய காமிராவின் தோலுறை, ஆடையைப் போன்று முதுமையைக் காட்டிவிடும். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் கைபட்டுக் கைபட்டு நிறம் கறுக்கும்; விளிம்பில் மெருகு ஏறும்; வாரில் தோளின் வளைவு பதியும். திரைப்படத்தில் ஆண்டுக்கணக்காகப் போர்க்களத்தில் திரிந்தவன் என்று சொல்லப்படும் ஒருவனுடைய தோலுறை, நேற்றுத்தான் கடையில் வாங்கியது போலப் பளபளத்தால், “இவன் இன்னும் போருக்குப் போகவில்லை” என்று முதியவர் சிரிப்பார்.

ஆனால் அவரைச் சினங்கொள்ளச் செய்யும் பிழைகள் வேறு. 1944-ஆம் ஆண்டில் நடப்பதாகக் காட்டும் கதையில், படச்சுருளை நகர்த்தப் பாத்திரம் கட்டை விரலால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால், “அந்த நெம்புகோல் லைக்காவுக்கு 1954-இல் அல்லவா வந்தது! அன்று குமிழைத் திருக வேண்டும்” என்பார். அதனினும் பெரிய பிழை எண்ணிக்கைப் பிழை. லைக்காவில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். ரோலிபிளெக்சில் 12 படங்கள். ஸ்பீடு கிராபிக்கில் பொதுவாக உறை ஒன்றுக்கு இரண்டே படலங்கள். திரையிலோ, பாத்திரம் சுருள் மாற்றாமலே படம் மேல் படமாக எடுத்துத் தள்ளும். அப்பொழுது முதியவர் விரல்விட்டு எண்ணுவார். பன்னிரண்டைத் தாண்டியதும் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒருநாள் அவ்வாறு அவர் எழுந்தபோது பேத்தி அவருடைய கையைப் பற்றிக்கொண்டாள்.

“தாத்தா, எல்லாரும் சண்டையைப் பார்க்கிறார்கள், நீங்கள் மட்டும் காமிராவைப் பார்க்கிறீர்கள். எத்தனை படம் எடுத்தால் என்ன? கதைதானே?” என்று கேட்டாள்.

முதியவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்பு திண்ணையில் அமர்ந்து, அதுவரை எவரிடமும் முழுமையாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

1971-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கிழக்கு வங்காளத்தில் இந்தியப் படை முன்னேறிக்கொண்டிருந்தது. ஆறுகள் நிறைந்த நாடு அது. பாலம் இன்றிப் படை நகராது. அவரும் அவருடைய தோழர் அறுவரும் ஆற்றங்கரை ஒன்றில் பாலப் பணியை முடித்து, சேறு படிந்த உடையோடு நின்றுகொண்டிருந்தனர். அவ்வழியே புகைப்படக்காரர் ஒருவர் வந்தார். மார்பில் ஒரு கருவி. அதற்கு இரண்டு கண்கள். “நில்லுங்கள்” என்று கைகாட்டித் தலையைக் குனிந்தார். ‘களுக்’ என்று ஒரு மெல்லிய ஓசை. அவ்வளவே. பக்கவாட்டில் இருந்த கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டு, படத்தை அனுப்புவதாகச் சொல்லிப் படைப்பிரிவின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த எழுவருள் ஒருவன் கம்மவான்பேட்டையைச் சேர்ந்தவன்; முதியவரின் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தவன். இரண்டு நாட்களுக்குப் பின்னர் அடுத்த ஆற்றங்கரையில் அவன் வீழ்ந்தான். டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் போர் முடிந்தது. தோழன் மட்டும் திரும்பவில்லை.

அவன் படையிற் சேர்ந்தபோது எடுத்த சிறு படம் ஒன்று அவன் தாயிடம் இருந்தது. அதனையும் சில ஆண்டுகளிற் கறையான் அரித்துவிட்டது. ஒவ்வொரு விடுமுறையிலும் முதியவர் ஊருக்கு வரும்போது அந்த அம்மையார் வாயிலில் நின்று கேட்பார்: “ஏம்பா, அந்தப் படம் வந்ததா?” “வரும் அத்தை” என்று இவர் சொல்வார். அந்தப் படம் வரவேயில்லை. கேட்டுக் கேட்டு அந்த அம்மையாரும் காலமானார்.

அடுத்த விடுமுறையில், வேலூர்ப் புகைப்பட நிலையம் ஒன்றின் கண்ணாடிப் பேழையில் இரண்டு கண்களுடைய அக்கருவியைப் போன்ற ஒன்றை முதியவர் கண்டார். கடைக்காரர் அதனை எடுத்துக் காட்டி, அதன் பெயரையும் இயல்பையும் விளக்கினார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள் என்பதை முதியவர் அறிந்தது அன்றுதான்.

“அம்மா, அதுவரை அந்தப் படக்காரர் மீது எனக்குக் கோபம் இருந்தது. அன்று அது போய்விட்டது. போர்க்களத்தில் சுருள் எளிதிற் கிடைக்குமா? பையில் எத்தனை இருந்தனவோ! ஒரு சுருளில் பன்னிரண்டே படங்கள். தளபதிகள் இருந்தார்கள், பீரங்கிகள் இருந்தன, எரிகின்ற ஊர்கள் இருந்தன. அவற்றையெல்லாம் விட்டுச் சேற்றில் நின்ற எங்களுக்கு அந்தப் பன்னிரண்டில் ஒன்றை அவர் கொடுத்தார். அது சிறிய கொடையா? எண்ணிக்கையில்லாமல் எடுப்பதாகத் திரையில் காட்டும்போது, அவர் எங்களுக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது” என்றார்.

பேத்தி அன்றிரவு வெகுநேரம் உறங்கவில்லை. மறுநாள் முதல் அவள் தேடத் தொடங்கினாள். 1971-ஆம் ஆண்டுப் போரைப் படமெடுத்தவர் பலர். அவர்களுள் கிஷோர் பாரேக் என்பவர், எந்தப் பத்திரிகையும் அனுப்பாமலே தாமாகச் சென்று, அந்நாட்டு மக்கள் பட்ட துயரைப் படமாக்கினார். கிடைத்த படங்களையெல்லாம் அவள் தாத்தாவிடம் காட்டினாள். அவற்றுள் அந்த ஆற்றங்கரை இல்லை. ஆனால், தேடும்போது வேறொரு படத்தின் வரலாறு அவள் கைக்குக் கிட்டியது.

1945-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், பசிபிக் பெருங்கடலின் இவோ ஜிமாத் தீவில், அமெரிக்க வீரர் அறுவர் மலையுச்சியில் கொடியேற்றினர். ஜோ ரோசென்தால் என்பவர் தம் ஸ்பீடு கிராபிக்கால் அதனைப் படம் எடுத்தார். நிற்பதற்கு மேடை அமைக்கக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், கடைக்கண்ணால் கொடி எழுவதைக் கண்டு கருவியைத் திருப்பி இயக்கினார். உலகம் முழுவதும் பரவிய படம் அது. ஆனால் அறுவரின் பெயர்களை அவர் குறித்துக்கொள்ளவில்லை. பின்னர்ப் பிறர் சொன்ன பெயர்களில் பிழை நேர்ந்தது. 1947-இல் ஒரு பெயர் திருத்தப்பட்டது. அந்நிகழ்ச்சியைக் கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006-இல் ‘பிளாக்ஸ் ஆப் அவர் பாதர்ஸ்’ என்னும் திரைப்படமாக்கினார். அதில் காமிரா சரியாகவே இருந்தது. ஆயினும், அப்படம் யாரைப் பற்றிக் கூறியதோ அம்மூவருள் இருவர் அந்தப் புகைப்படத்தில் இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. 2016-இலும் 2019-இலும் அமெரிக்கக் கடற்படை வீரர் பிரிவு அதனை ஒப்புக்கொண்டு பெயர்களைத் திருத்தியது.

2016-இல் நேர்ந்த திருத்தத்துக்கு வழிவகுத்தவர்கள் யார் தெரியுமா? பெரிய பதவியில் இருந்தவர்கள் அல்லர். ஆர்வம் ஒன்றே கொண்ட இருவர். அன்று எடுத்த மற்றப் படங்களையும் பரப்பிவைத்து, காற்சட்டையின் மடிப்பையும், தலைக்கவசத்தின் கீழே தெரிந்த தொப்பியையும், இடைவாரில் தொங்கிய கம்பி வெட்டும் கருவியையும் ஒப்பிட்டு நோக்கினர். ‘சிறிய பொருள்தானே’ என்று அவர்கள் விட்டிருந்தால், கொடியைத் தாங்கிய ஒருவனின் பெயர் என்றும் மறைந்தே போயிருக்கும். அவன் உயிரோடு இருந்த காலத்தில் அப்புகழைக் கோரவில்லை. திருத்தம் வந்தபோது அவன் உலகில் இல்லை.

இதனைப் பேத்தி படித்துச் சொன்னபோது முதியவர் நெடுநேரம் பேசவில்லை. இறுதியில், “அவர்களிடம் படம் இருந்தது, பெயர் இல்லை, எங்களிடம் பெயர் இருக்கிறது, படம் இல்லை” என்றார்.

அச்சொல்லே பேத்திக்கு வழி காட்டியது. ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துவந்து, “தாத்தா, எழுவரும் எப்படி நின்றீர்கள் என்று சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்” என்றாள்.

முதியவர் கண்களை மூடிக்கொண்டு, “எனக்கு வலப்பக்கத்தில்...” என்று தொடங்கினார்.

பேத்தி உடனே தடுத்தாள். “உங்கள் வலப்பக்கமா, படத்தின் வலப்பக்கமா?”

முதியவர் கண் திறந்து அவளை வியப்போடு நோக்கினார். அந்த இரட்டைக்கண் கருவியின் கண்ணாடித் தகட்டில் குனிந்து பார்ப்பவருக்கு இடம் வலமாகவும், வலம் இடமாகவும் தோன்றும். ஆயினும் அச்சிட்ட படத்தில் உள்ளவை உள்ளவாறே அமையும். படத்தைக் காண்பவருக்கு இடப்பக்கம் இருப்பவன், நின்றவனுக்கு வலப்பக்கம் இருந்தவன். இதனை அவரே அவளுக்கு முன்பு கற்பித்திருந்தார். “என் வலப்பக்கம், அம்மா. படம் பார்ப்பவர்க்கு இடப்பக்கம்” என்றார்.

இடமிருந்து வலமாக ஏழு பெயர்களும் எழுதப்பட்டன. யார் தொப்பியைக் கையில் வைத்திருந்தார், யார் நகைத்தார், யாருடைய தோளில் கயிறு கிடந்தது என்பனவும் எழுதப்பட்டன. கம்மவான்பேட்டைத் தோழன் இடமிருந்து மூன்றாமவன்; வலக்கை நண்பன் தோளில்; நெற்றியில் சேறு; சிரித்த முகம். கீழே ‘1971, டிசம்பர்’ என்று குறித்து, ‘பன்னிரண்டில் ஒன்று’ என்று பேத்தி தலைப்பிட்டாள். அத்தாளை முதியவர் எடுத்துச் சென்று தோழனின் தம்பி வீட்டிற் கொடுத்தார். அவர்கள் அதனைக் கண்ணாடிச் சட்டம் இட்டு விளக்கின் அருகே மாட்டினர். இன்றும் அச்சட்டத்துள் உருவம் இல்லை. ஏழு பெயர்களே உள்ளன. என்றேனும் எங்கேனும் ஒரு பழம் பெட்டியிலிருந்து அப்படம் வெளிப்படுமானால், அதில் நிற்பவர் யார் என்று உலகம் மயங்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அமிர்திக்கு வருவோர் அருவியருகே கைப்பேசியால் நூற்றுக்கணக்கிற் படம் எடுக்கின்றனர். முதியவர் அவர்களைக் குறை கூறுவதில்லை. தம்மை எடுத்துத் தருமாறு எவரேனும் வேண்டினால் மகிழ்ந்து எடுத்துத் தருகிறார். கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, “பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள்” என்று மட்டும் சொல்கிறார்.

மாணவர்களே! திரையில் ஒரு காமிராவைக் காணும்போது, அஃது எந்தக் காலத்துக் கருவி, எத்தனை படம் கொள்ளும், அதனைத் தாங்கியவர் எதனை விடுத்து எதனைத் தேர்ந்தார் என்று எண்ணிப் பாருங்கள். சிறு பொருளை உள்ளவாறு நோக்கப் பழகிய கண்ணே, பெரிய உண்மையையும் உள்ளவாறு காணும். அத்தகைய கண், சேற்றில் நின்ற எளியவர் பெயரையும் மறவாது காக்கும் அன்றோ!